மரக்கட்டைக்குப் போட்ட கும்பிடு

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? வாண்டு பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா?

ஞாயிற்றுக்கிழமை அறையில் உள்ளவர்களும் எங்கள் வேலைத்தள மேஸ்திரியுமாக ஊருக்கு வெளியே ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் போனோம். இருபக்கமும் மரம் அடர்ந்த சரிவு, நடுவே ஆறு. நீ வந்தால் வீடு திரும்பவே மாட்டாய். அங்கே நான் வழி தவறிவிட்டேன். பயப்படாதே, அரைமணி நேரம்தான். பாதை பிரியும் இடத்தில் பலகை இருந்தது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீரோரம் மேஸ்திரி உட்கார்ந்திருப்பதைக் கண்டு கும்பிடு போட்டு, “அண்ணே, நல்லவேளை உங்களப் பாத்தேன்!” என்றேன். கிட்டே போனால் வெட்டிய அடிமரம்! பின்னாலேயே வந்த மேஸ்திரி, “ஏன்டா, மரக்கட்டையும் நானும் உனக்கு ஒண்ணா?” என்றார். அறையில் எல்லோரும் இன்னும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

நேற்று கிரேனில் இருந்தபோது, கீழே நிற்பவன் கை ‘இறக்கு’ என்கிறதா, ‘நிறுத்து’ என்கிறதா என்று தெரியவில்லை. பாரத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். மேஸ்திரி மேலே பார்த்தார், சிரிக்கவில்லை. அடுத்த மாதம் எங்களுக்குக் கண் பரிசோதனை.

பீரோ மேல்தட்டில் கண் டாக்டர் கொடுத்த பழைய சீட்டு இருக்கும், அனுப்பு. அப்பாவிடம் மூச்சு விடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனிமேல் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. போன கடிதத்தின் ஓரத்தில் பொடியாக ஏதோ எழுதியிருந்தாயே, என்ன அது? வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் வீட்டுக்காரன்