கால் முளைக்கட்டும்

உன் ஐஸ் போத்தலின் பச்சை நூல் இன்று காலை அறுந்துவிட்டது. என் வீட்டில் யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாதென்று நீ அதன் கழுத்தில் கட்டிவைத்த நூல். அறுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரிக் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதைக்கூடக் கவனிக்கவில்லை.

உன் மகன் கட்டாருக்குப் போகும்போது உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிராணிக்காகத்தான் அந்தப் போத்தல். வெள்ளை உடம்பு, நாலு கால், கழுத்தின் இரு பக்கமும் இளஞ்சிவப்பில் இறகு போன்ற செவுள், எப்போதும் சிரிக்கிற வாய். அக்சலாட்டில் என்று அவன் பெயர் சொன்னான். உன் வாயில் அது நுழையவில்லை. பார்க்க வந்தவர்கள் பல்லி என்று முகம் சுளித்தால், "பல்லியில்ல, மகன்ட புள்ள" என்பாய். அவன் சொன்னவை இரண்டே இரண்டு: தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், தொட்டியில் அது தனியாக இருக்க வேண்டும்.

முதலாவதற்கு என் பிரிட்ஜ் இருந்தது. காலை, மதியம், பின்னேரம் என்று நம் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள தகர வேலிக்கு மேலால், தொட்டியில் மிதக்கவிட, உறைந்த போத்தல் கைமாறியது. இரண்டாவதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து முகாமில் வளர்ந்தவள் நீ. "ஒரு அறையில பதினொரு பேர் கிடந்தம் புள்ள. தனியா எப்பிடி ஒரு உசிரு இரிக்கும்?" என்று கேட்டாய். வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் குளத்தில் பிடித்த மீன் ஒன்றை வாங்கி வந்து துணைக்கு விட்டாய். மதியம் லுஹர் தொழுதுவிட்டு விட்ட மீன், பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அதன் வலது முன்னங்காலைக் கடித்துத் தின்றுவிட்டது.

அதோடு விட்டாயா? உப்பளம் சூழ்ந்த புத்தளத்தில் காயத்துக்கு வேறென்ன போடுவார்கள் என்று ஒரு பிடி கல்லுப்பை அள்ளித் தொட்டியில் கொட்டினாய். நான் ஓடி வந்தபோது செவுளெல்லாம் சுருண்டு, அது பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது. நான் உன்னைத் திட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் அங்க தனியக் கிடக்கான். போன் எடுத்தா முதல்ல இதத்தான் கேக்கான். இது மவுத்தானா நான் எந்த முகத்தோட அவனோட கதைக்கிற?" என்றாய். அவன் வாப்பா போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு அவன், அவனுக்கு நீ. நான் திட்டுவதை விட்டுப் போனை எடுத்தேன்.

அலங்கார மீன் விற்கும் கடைக்காரர் போனில் வழி சொன்னார். உப்பு வேண்டாம். பேசினில் ஒரு நாள் வைத்திருந்த நல்ல தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும். பாலும் சீனியும் போடாத பிளேன்ரீயை நன்றாக ஆறவைத்துக் கொஞ்சம் கலக்கலாம். பிழைத்தால் இந்தப் பிராணிக்குப் போன கால் தானாகத் திரும்ப முளைக்கும் என்றார். "இஞ்சியும் தட்டிப் போடவா எண்டு கேளு" என்று அழுத கண்ணோடு பகிடி விட்டாய். நாலு நாள் அது எதுவும் தின்னவில்லை. உனக்கும் இருப்புக் கொள்ளவில்லை, எனக்கும் இல்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பார்ப்போம். ஐந்தாம் நாள் மண்புழுத் துண்டு ஒன்றை லபக்கென்று விழுங்கியது. அன்றுதான் நீயும் சாப்பிட்டாய்.

அவன் வீடியோவில் வரும்போதெல்லாம் போனைப் பிடித்தவள் நான். இடது பக்கத்தை மட்டும் காட்டு என்றாய், காட்டினேன். உண்மையைச் சொல்லிப்போடு என்று நான் சொன்னால், "கால் முளைக்கட்டும், பொறவு சொல்லுவம்" என்பாய். முளைத்தது. முதலில் அரிசி மணி அளவில் ஒரு மொட்டு, பிறகு நாலு விரல். நாலாவது விரல் தெரிந்த அன்று வட்டிலப்பம் அவித்து வேலிக்கு மேலால் நீட்டினாய். அப்போதும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் உன் கழுத்தில், வலது பக்கம், கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாம் அலைந்த மாதங்களில் நீ முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, இடது கன்னத்தைத் திருப்பிக்கொண்டு அவனோடு சிரித்துக் கதைத்தாய். "சுகமாகட்டும், பொறவு சொல்லுவம்" என்றாய். அப்போதும் போனைப் பிடித்தவள் நான்தான். பிழை என்று தெரிந்துகொண்டே பிடித்தேன். ஒரு நாளாவது கை தவறியது போலப் போனை மற்றப் பக்கம் திருப்பியிருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை.

நீ மவுத்தான அன்றைக்கே உன்னை அடக்கிவிட்டார்கள். அவன் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். உன் கபுறடிக்குப் போய் வந்து, தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு வெகுநேரம் இருந்தான்.

"சாச்சி, இதுட வலது கால் கொஞ்சம் கட்டை. வீடியோவில நீங்க அந்தப் பக்கம் காட்டவே இல்ல. எனக்கு அப்பவே விளங்கினது. உம்மா வெக்கப்படுவா எண்டுதான் கேக்கல்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்தான். "உம்மாவையும் அப்பிடித்தான் காட்டினீங்களா?"

"ஓம்" என்றேன். "போனைப் பிடிச்சது நான்தான்." அவன் கோபித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் கோபிக்கவில்லை. திரும்பிப் போகும்போது தொட்டியைத் தூக்கிவந்து என் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனான்.

போத்தலுக்குப் புது நூல் கட்டிவிட்டேன். பச்சை கிடைக்கவில்லை, நீலம்தான். பின்னேரம் அவன் போன் எடுப்பான். "சுத்திக் காட்டுங்க சாச்சி" என்பான். நான் தொட்டியை நாலு பக்கமும் சுற்றி வந்து காட்டுவேன். உன் மகன்ட புள்ள தன் கட்டைக் காலை ஊன்றிக் கண்ணாடியோடு நிற்கும்.

அதோடு அவன் போனை வைப்பதில்லை.

"இப்ப நீங்க" என்பான். "மற்றப் பக்கமும்."

கழுத்துத் தெரியச் சேலைத் தலைப்பை விலக்கி, முகத்தைத் திருப்பிக் காட்டுவேன்.