டாக்டரை விழவைத்த வாக்கியம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். டூட்டி முடிந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

சிரிக்காமல் படியுங்கள். போன வாரம் எங்கள் வார்டில் ஒரு நோயாளி குளியலறையில் வழுக்கி விழுந்ததை, அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்காக ஆங்கிலத்தில், வந்து பார்த்த டாக்டரையும் நடுவில் நுழைத்து, ஒரே நீள வாக்கியமாக எழுதி வைத்தேன். காலையில் வந்த நர்ஸ் அதைப் படித்துவிட்டு, விழுந்தது டாக்டர் என்று நினைத்து, அவரிடமே போய் இடுப்பு வலியை விசாரித்திருக்கிறாள். மாலையில் டாக்டர் நேரே என்னிடம் வந்தார்.

"என்னை எதுக்கும்மா கீழே தள்ளிவிட்டே?"

வார்டே சிரித்தது. "இனிமே சின்னச் சின்னதா எழுதுங்க" என்றார் தலைமை நர்ஸ். ஆனால் துண்டு துண்டாக எழுதினால் எச்சரிக்கை ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் போய்விடுகிறது. அப்புறம்தான் புரிந்தது. தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் வினையை வைத்தாலும் கேட்பவர் காத்திருப்பார். ஆங்கிலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. யார் என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் வரிசையாகப் பின்னால் வரலாம்.

நேற்று ஒரு மாத்திரையால் ஏழாம் படுக்கைக்காரருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதால், டாக்டர் அதை நிறுத்தினார். நான்கு வரிக்கு ஒரே வாக்கியமாக எழுதினேன். இன்று காலை அதே நர்ஸ் நின்றபடியே ஒரு தடவை படித்தாள். கையில் எடுத்திருந்த மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"நல்லவேளை! இவ்வளவு நீளம், ஆனா எங்கயும் தடுக்கலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பா எழுதிய பக்கம் ஒன்று அனுப்புங்கள், பிழை திருத்தாமல். உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள், துவைக்காமல். எதற்கு என்று கேட்காதீர்கள், பஸ் வந்துவிட்டது.

உங்கள்
வாயாடி