மூன்று டிராயர் கொலு

ஜாதவ்பூர், கொல்கத்தா

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாரா? நாங்கள் சௌக்கியம். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நவராத்திரிக்குப் படி இல்லாமல், டிராயர் அலமாரியின் மூன்று டிராயரையும் படிபோல இழுத்துவிட்டுப் பொம்மை வைத்தேனே, நீகூட வீடியோவில் பார்த்து மெச்சினாயே. நிகில் அதை மறக்கவில்லை. நேற்று அவனே இழுத்துவிட்டு ஏறிவிட்டான். அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. நல்லவேளை, கட்டில் விளிம்பு தாங்கிக்கொண்டது. இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நான்தான் பொம்மை!" என்றான். நெற்றியில் லேசான வீக்கம், அவ்வளவுதான்.

சுவரில் கொக்கி அடித்துக் கட்டிவிடலாமா என்று வீட்டுக்கார தாதாவைக் கேட்டேன். "நா நா, தெவாலே ஹாத் தெபென் நா" என்றார். சுவரைத் தொடக்கூடாதாம். அலமாரியும் அவருடையது, வெளியே போடவும் முடியாது. டேப் ஒட்டினால் இவன் பிய்த்துவிடுகிறான். கரியாஹாட்டில் கயிறு வாங்கி ஜன்னல் கம்பியோடு கட்டினேன். என் முடிச்சு நிற்கவில்லை.

பழந்துணி என்றால் முடிச்சு நழுவாது, அலமாரியைக் கட்ட அப்பாவின் பழைய வேட்டி இரண்டு அனுப்பு. துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. உன் மாப்பிள்ளை டூரிலிருந்து வர இன்னும் நாளாகும். நீ வந்து கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. அந்த முட்டியோடு மூன்று மாடி ஏற முடியாது, தெரியும்.

உள்ளே டிராயர் இழுபடும் சத்தம் கேட்கிறது. போகிறேன் அம்மா.

வித்யா