அப்புத்தளைக் குளிரில் இட்லி மாவு

ஜன. 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம். உளுந்து வாங்கணும்.

மதுரையிலிருந்து அப்பா போன். சனிக்கிழமை வருகிறார், தலைப்பொங்கல் சீரோடு. "கரும்ப மட்டும் பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம். அங்க வாங்கிக்கலாம்." சந்தோஷம்தான். ஆனால் பயமும்.

காரணம், போன மாதம் நான் அளந்துவிட்டது. "வாராவாரம் இட்லிதான்பா. நம்ம வீட்டு இட்லி மாதிரியே." பச்சைப் பொய். கல்யாணமாகி இலங்கையில் இந்தத் தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸுக்கு வந்து பத்து மாதம், ஒரு இட்லிகூட உருப்படியாக வந்ததில்லை. குளிரில் மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. அப்பாவோ முப்பது வருடமாக இட்லிக் கடை வைத்திருப்பவர். என்னை அனுப்பும்போதே சொன்னார்: "இட்லி இல்லாத ஊரு. மூணு மாசம் தாங்கமாட்ட." அந்த ரோஷத்தில் வந்த பொய்தான்.

ஞாயிறு காலை அவர் தட்டில் இட்லி விழுந்தாகணும். மானப் பிரச்சினை.

ஜன. 7, செவ்வாய்

மழை. காஸ் தீரப் போகிறது.

சம்பா அரிசி 4, உளுந்து 1, வெந்தயம் கொஞ்சம். அரைத்து, கம்பளி சுற்றி, வெந்நீர் போத்தல் இரண்டு பக்கத்தில் வைத்து, அலமாரிக்குள். பிள்ளை பெற்றவளைக்கூட இப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு புஷ்பம் அக்கா எட்டிப் பார்த்தார். "எதுக்கும்மா இம்புட்டுப் பாடு? கோதும மாவுல ரொட்டி சுட்டு, மொளகா வெங்காயம் வெச்சுக் கட்டசம்பல் இடிச்சுக் குடு. ஒங்கப்பா வெரல நக்கிச் சாப்பிடுவாரு."

அக்கா ரொட்டி அருமைதான். எனக்கும் இப்போது அது இல்லாமல் முடியாது. ஆனால் நாக்கு கேட்பது இட்லி. கனவில்கூட ஆவி பறக்கிறது.

ஜன. 8, புதன்

மாவு வைத்த உயரத்திலேயே இருக்கிறது. ஒரு குமிழி இல்லை. இருந்தாலும் அவித்தேன். சுவரில் எறிந்தால் சுவர் பாவம்.

ரவி (என் வீட்டுக்காரர், இனி ர. போதும்) நான்கு சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய்யில் எனக்கேற்ற ஜோடி.

அப்பா இப்படிச் சொல்ல மாட்டார். மோசமான இட்லி என்றால் வாயே திறக்காமல் கை கழுவி எழுந்துவிடுவார். நல்ல இட்லிக்குத்தான் குறை சொல்வார். அம்மா இட்லிக்கு முப்பது வருடமாக ஒரே குறை: "உப்பு ஒரு கல் கம்மி."

யோசனை ஒன்று. ர. வேலை பார்க்கும் தேயிலை பேக்டரியில் தூளைக் காய வைக்கும் இடம் எப்போதும் கதகதவென்று இருக்கும். அவரிடம் சொன்னால் வேண்டாம் என்பார். சொல்லவில்லை.

ஜன. 9, வியாழன்

எழுதவே வெட்கம்.

ர.வுக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோனபோது மாவுத் தூக்கையும் கொண்டுபோய் டிரையர் பக்கம் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் அவர் தூக்கோடு வாசலில். இதுவரை குரல் உயர்த்தாதவர்.

"தூளு எந்த வாசத்தயும் இழுத்துக்கும். மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டு வந்தாலே உள்ள விடமாட்டோம். நீ புளிக்கிற மாவக் கொண்டாந்து வெச்சிருக்க. ஒரு மூட்டையில வாட வந்தா மொத்தமும் திரும்பி வந்துரும். அப்பறம் எனக்கு வேலை ஏது?"

அழுதேன். பயத்தில் பாதி, இட்லிக்காகப் பாதி.

மாலை அவரே, தேத்தண்ணி குடித்துக்கொண்டே: "சூடுதான வேணும்? டவுன்ல நானா பேக்கரி போறணை இருக்கே." நல்ல மனுஷன்.

ஜன. 10, வெள்ளி

காற்று, குடை போச்சு.

காலை முதல் பஸ். போறணை என்றால் பாண் (நம்மூர் பிரெட்) சுடுகிற பெரிய விறகு அடுப்பு. பேக்கரி நானா (முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தூக்கைத் திறந்து பார்த்தார். நான் முழுக் கதையும் சொன்னேன், குளிர், அலமாரி, கம்பளி எல்லாம்.

"இது பொங்கோணும், அவ்வளவுதானே? பாண் மா வெக்கிற பலகையில வெச்சிட்டுப் போங்க தங்கச்சி. ரெண்டு மாவும் பேசிக்கிட்டு இருக்கட்டும்."

மாலை போனால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் மடியில் வைத்து, மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அவித்தது 12. பஞ்சு. ர. எட்டு. நிஜமாகவே நல்லா இருந்ததால் "நல்லா இருக்கு" சொல்ல மறந்துவிட்டார். (குறிப்பு: இங்கே இட்லி வேகப் பத்து நிமிடம் போதாது, பதினைந்து.)

நாளைத் திட்டம்: புது மாவு காலையிலேயே நானாவிடம். அப்பா வந்த பிறகு ர. மட்டும் போய் எடுத்து வரணும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. "வாராவாரம்" காப்பாற்றப்பட வேண்டும்.

ஜன. 11, சனி

ரயில் இரண்டு மணி நேரம் லேட். பனியிலிருந்து மங்கி குல்லாயோடு அப்பா. வெண்கலப் பானை, சேலை, வெல்லம், மஞ்சள். இளைத்திருக்கிறார்.

ஆட்டோ பேக்கரியைத் தாண்டும்போது நானாவே ரோட்டில் இறங்கிக் கை காட்டி நிறுத்தினார். கையில் என் தூக்கு.

"தங்கச்சி, நேத்தய விட நல்லாப் பொங்கியிருக்கு."

"நேத்துதான் ஆரம்பமா?" என்றார் அப்பா.

"ஓமோம். அதுக்கு முந்திப் பத்து மாசமாப் பொங்கவே இல்லயாமே, பாவம்."

போச்சு. ர. மலையைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அப்பா தூக்கை வாங்கித் திறந்து, மோந்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரை ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜன. 12, ஞாயிறு

வெயில். தெற்கே கீழ்நாடு முழுக்கத் தெரிகிறது.

இட்லி 18. தேங்காய்ச் சட்னி. புஷ்பம் அக்கா கொடுத்த கட்டசம்பல்.

அப்பா உட்கார்ந்தார். ஒன்று. பேச்சில்லை. இரண்டு. மூன்று. ர. இருமினார். நான்கு. கை கழுவத்தான் போகிறார் என்று செம்பில் தண்ணீர் எடுத்தேன்.

ஐந்தாவதைக் கையில் எடுத்தார். பிட்டு உள்ளே பார்த்தார். கட்டசம்பலில் தொட்டு வாயில் போட்டார்.

"உப்பு ஒரு கல் கம்மி."

சமையலறைக்குள் போய் அழுதேன். ஜெயித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது, "வாராவாரம்னு சொன்ன?" என்றார்.

"இனிமே வாராவாரம்பா."

"ம். இன்னும் ரெண்டு வை."

நானாவுக்கு ஆறு இட்லி தனியாக மூடி வைத்தாயிற்று. அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் போறணையைப் பார்க்கணுமாம்.

இப்போது வெளியே வெயிலில் நின்று அம்மாவுக்குப் போன். காதில் விழுகிறது.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். உப்புதான் கம்மி... ஆமாடி, ஒனக்குச் சொல்றதத்தான் சொல்றேன்."