கவர்னர் படிக்காத உத்தரவு

கவர்னர் மாளிகை,
மேற்கு ஆப்பிரிக்கக் கரை,
9 மார்ச் 1887.

அன்புள்ள ஜெர்வாஸ் அண்ணாவுக்குத் தங்கை ஆனரியா எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இவர் காய்ச்சலில் விழுந்து இருபது நாளாகிறது. காலையில் என்னை அடையாளம் தெரிகிறது. மதியத்துக்குமேல் என்னைத் தன் சிறுவயதுத் தாதி என்று நினைத்துக்கொள்கிறார். பிரபு குடும்பத்துப் பிள்ளை என்பதற்காகவே இவருக்குக் கிடைத்த கவர்னர் பதவி இது. நல்ல உடம்போடு இருந்தபோதே எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படித்தவரில்லை. இப்போது செயலர் கேப்டன் ஸ்ட்ரோட் கட்டிலருகே வந்து பேனாவைக் கையில் திணிக்கிறார். இவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

போன வியாழக்கிழமை அப்படி ஒரு காகிதத்தை நான் படித்துவிட்டேன். ஆற்றுக்கு அப்பாலுள்ள ரோபானா கிராமத்தைத் திங்களன்று கொளுத்த உத்தரவு. அங்கே யாரோ ஒரு சிப்பாயை அடித்தார்களாம். இவரிடம் கேட்டேன். "குதிரைக்குத் தீவனம் வாங்கறதுக்குத்தானே போட்டேன்?" என்று சிரித்தார்.

ஸ்ட்ரோடிடம் கெஞ்சிப் பார்த்தேன். "பிரபு தெளிவாத்தான் இருக்கார். வெயில் உங்களுக்குத்தான் ஒத்துக்கலை" என்றார்.

நம் வீட்டுத் துணி வெளுக்கும் மாபின்டிக்கு ரோபானாதான் ஊர். அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "ஆம்பளைங்கல்லாம் மீன் பிடிக்கப் போயிட்டாங்கம்மா. கிழடுங்களும் புள்ளைங்களும்தான் இருக்கு. கையெழுத்துப் போடறப்ப உங்க வீட்டுக்காரருக்குக் கை கூசலையா?" என்று கேட்டுவிட்டு, ஈரக் கையோடு படகுத்துறைக்கு ஓடினாள்.

சிப்பாய்கள் போனபோது ஊரில் ஒரு ஜீவன் இல்லை. காலி வீடுகளைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

ஸ்ட்ரோட் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரை அனுப்பினார். எனக்கும் காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். என் உடம்பு சுடவில்லை, அண்ணா. நேற்றிலிருந்து என் அறை வாசலில் காவலாள் நிற்கிறான். கொண்டுவரும் கஞ்சி கசக்கிறது. ஜன்னல் வழியே கொட்டிவிடுகிறேன்.

மாபின்டி திரும்பி வந்திருக்கிறாள். வராதே என்று சொல்லியனுப்பியும் கேட்கவில்லை. அழுக்குத் துணிக்குள் மறைத்து இதைக் கப்பலில் சேர்ப்பதாகச் சொல்கிறாள்.

அரசு முத்திரையோடு என்னைப் பற்றிக் கடிதம் வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். லண்டனுக்குப் போய் மேலதிகாரிகளிடம் நேரில் கேளுங்கள்.

என் மகள் எல்ஸ்பெத் பள்ளி விடுமுறைக்கு உங்களிடம் வருவாள். ஏழு வயதாகியும் விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள், அதட்ட வேண்டாம். அவள் அண்ணியை அம்மா என்று கூப்பிட்டால், தயவுசெய்து திருத்தாதீர்கள்.

உங்கள் பிரியமுள்ள
ஆனரியா