ஆடி முடியட்டும்

ஜீயபுரம்,
ஆகஸ்ட் 15

அன்புள்ள மகன் பாலுவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

குழந்தை தங்கவில்லை என்று மட்டும்தான் போனில் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் எழவில்லை. இதில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்தைப் பஞ்சாயத்திடமே ஒப்படைத்தபோது நீயும் சந்தோஷப்பட்டாய். இனி எதற்கும் கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம், தலைவர் நம் மருதை மாமாதானே என்றாய். மச்சான் பதவியில் இருக்க நமக்கென்ன குறை என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆனியிலேயே புதுக் கட்டடம் முடிந்தது. பழைய வாடகை வீட்டைக் காலி செய்து மருந்து, பிரஷர் பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் புதுக் கட்டடத்தில் வைத்துப் பூட்டினார்கள். திறப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நர்ஸ் ஜோதி சாவி கேட்டு மருதை வீட்டுக்கு நடையாய் நடந்தாள். "ஆடியில புது வீட்ல யாராவது பால் காய்ச்சுவாங்களாம்மா? ஆவணி பொறக்கட்டும்" என்று அனுப்பிவிட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முன்பென்றால் மேலதிகாரிக்கு ஒரு மனு போடலாம். இப்போது மேலேயும் அவன்தான், கீழேயும் அவன்தான்.

ஜோதி வாராவாரம் நம் மருமகள் மாலினிக்குப் பிரஷர் பார்ப்பாள். ஆடியில் அது நின்றுபோனது. மாலினிக்குக் கால் வீங்கியது, தலைவலி என்றாள். மறுநாள் டவுனுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருந்தோம். அன்று ராத்திரியே வலிப்பு வந்துவிட்டது. முன்பே பிரஷர் பார்த்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் புத்தூர் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

இன்று கிராம சபை. பச்சை உடம்புக்காரி மாலினி, எங்களிடம் சொல்லாமல் எழுந்து போய்ச் சபையில் நின்றாள். "மாமா, இன்னைக்கே தெறந்துடுங்க. நம்ம தெரு செல்லக்கிளிக்கு இது ஒம்பதாம் மாசம்" என்றாள். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவனா அவன், சிரிக்கிறான். "இன்னும் ரெண்டு நாள்தாம்மா. பந்தலுக்குச் சொல்லியாச்சு" என்றான். ஊரே குனிந்துகொண்டது.

கூட்டம் கலைந்துவிட்டது. மாலினி மட்டும் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சாவி வந்தால்தான் எழுந்திருப்பாளாம். ஜோதி துணைக்கு இருக்கிறாள்.

மருதை உனக்குப் போன் செய்வான். குடும்பத்துப் பெண் தெருவில் உட்காரலாமா, நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்பான். நான் அவள் தலையில் கை வைத்து, நன்றாயிரு தாயே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீயும் அவளிடம் பேசு அய்யா. வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
கருப்பண்ணன்