உனக்குக் கேட்காத சத்தம்

இன்று காலை கப்பலுக்குப் போக வேண்டிய சாமான்களில் துணி சோப்புப் பெட்டி ஒன்று நனைந்து வந்திருந்தது. வேறு பெட்டிக்கு மாற்றலாம் என்று பிரித்தேன். ஈரச் சோப்பின் வாசனை கடை முழுக்க எழுந்தது. கையில் ஒரு கட்டியுடன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணூர் ரோட்டோரத்தில் பிக்கப்பை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெல்ட்டில் நீ சோப்பைத் தேய்த்தாயே, அந்த வாசனை. எதிரே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. உன் முழங்கை வரைக்கும் கருப்பு, அதன்மேல் நுரை. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே வண்டி. எழுதிக்கொள்ள நமக்குள் என்ன இருந்தது?

வண்டி வாங்குவதற்கு முன் உன் இளமை முழுக்க கப்பல் ரிப்பேரில் துரு தட்டுவதில் போனது. கப்பலின் அடித் தொட்டிக்குள் இறங்கி இரும்பால் இரும்பைத் தட்டும் வேலை. காதில் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்வாய். சாயங்காலம் வெளியே வந்தால் நான் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்பாய். எனக்கும் அது சரியாகிவிடுவதாகத்தான் தோன்றியது. பிறகு அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினாய். என் கடையிலிருந்து மளிகையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போவோம். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட் பாஸையும் பில்லையும் பார்த்துக்கொள்வேன்.

சத்தம் ஒரு நாள் திருவொற்றியூர் ஹைரோட்டில் ஆரம்பித்தது. மெலிசாக, ஊசியால் தகரத்தைக் கீறுவது போல. வண்டி நின்றால் இல்லை, ஓடினால் உண்டு. இன்னா மாமு இது என்று கேட்டேன். எது என்றாய். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாய். மறுநாளும் கேட்டேன். என் காதுக்குள் வண்டு புகுந்திருக்கும் என்றாய். மூன்றாவது தடவை உனக்குக் கோபம் வந்தது. உன் வண்டியை யாராவது குறை சொன்னால் உனக்குப் பொறுக்காது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் தாமு விடவில்லை. நமக்கு மெக்கானிக் என்றால் அவன் ஒருவன்தான். நாம் அவன் பட்டறைக்கு முன்னால் போய் நிற்பதற்குள்ளேயே எழுந்து வந்துவிட்டான். "இன்னாண்ணா, உள்ள எலி மாட்டிகினு கீதா? தெரு முனையிலயே கேக்குது" என்றான். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவனிடம், ஆமாம், ஒரு வாரமா இப்படித்தான் என்றாய்.

தாமு பெல்ட்டை மாற்றினான். சத்தம் போகவில்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளுக்கு கிரீஸ் அடித்தான். அப்போதும் போகவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கொறஞ்சிடுச்சு என்று நீ சொல்வாய். நான் இல்லை என்பேன். உன் முகம் வாடிவிடும். வண்டிக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணூர் ரோட்டில் நிறுத்தியது அதற்குப் பிறகுதான். புது பெல்ட்டும் கத்தும், சோப்பைத் தேய்த்தால் அடங்கிவிடும், அப்படி அடங்கினால் பெல்ட்தான் காரணம் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். எஞ்சினை நிறுத்தி, தேய்த்து, மறுபடி கிளப்பினாய். பானெட் பக்கம் தலையைச் சாய்த்தாய்.

"தோ, இன்னும் கத்திகினு கீது பாரு" என்றாய்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ என் முகத்தைப் பார்த்துவிட்டாய். சோப்பைக் கீழே வைத்தாய். கையைத் துணியில் துடைத்தாய், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாய்.

"எனக்கு அது கேக்கவே இல்ல பாய்," என்றாய். "ஒரு நாளும் கேக்கல."

நீ பானெட்டை மூடினாய். நாம் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். வண்டியைக் கிளப்பச் சொன்னேன். சத்தம் வரும்போது நான் உன் தோளில் கையை வைப்பதாகவும், நின்றால் எடுப்பதாகவும் சொன்னேன். நீ ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாய். கியரை மாற்றினாய், கை தோளிலேயே இருந்தது. கிளட்சை மிதித்தாய், அப்படியே இருந்தது. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தாய், கையை எடுத்தேன். காலை எடுத்தாய், கையை வைத்தேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எர்ணாவூர் வருவதற்குள் உனக்குப் புரிந்துவிட்டது. முன் சக்கரத்து பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது என்றாய். பேடு தேய்ந்தால் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்களாம். அது சக்கரத்தோடு சுற்றும் தட்டில் உரசும். பிரேக்கை மிதித்தால் அழுந்தி அடங்கிவிடும். தாமு கழற்றிப் பார்த்தபோது அதுவேதான். கேட்காத சத்தத்தை நீயே கண்டுபிடித்துவிட்டாய் என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கண்ணாடி அறையில் உன்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அமுக்கினாய். பிறகு பட்டன்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். நரம்பு செத்துவிட்டது, கனத்த சத்தம் கேட்கும், கீச்சுச் சத்தம் எதுவும் கேட்காது, போனது திரும்பாது என்றார் டாக்டர் அம்மா. காது மெஷின் வைத்துப் பார்த்தாய். தட்டும் டம்ளரும் தலைக்குள் விழுவது போல இருக்கிறது, அதற்கு இதுவே தேவலை என்று கழற்றிவிட்டாய்.

வெளியே வந்து என்னிடம் சத்தியம் வாங்கினாய். யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டில் ஸ்டெல்லாவிடமும் கூடாது. தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டாள், வண்டி இல்லாவிட்டால் மறுபடியும் கப்பல் தொட்டிக்குள்தான் இறங்க வேண்டும் என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதன்பிறகு நான் பக்கத்தில் இருக்கும்போது, ஆம்புலன்ஸ் வருது, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வருவேன். நீ கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவாய். ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம்.

மீஞ்சூர்ப் பக்கம் அந்த கன்டெய்னர் யார்டில் அன்று நல்ல வெயில். பாஸில் முத்திரை வாங்க நான் ஆபீஸுக்குள் போனேன். நீ வண்டிக்குப் பின்னால் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். டிரெய்லர் ஒன்று ரிவர்ஸில் வந்தது.

நான் வெளியே ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். அடித்தொண்டையில், உனக்குக் கேட்கும் குரலில் கூப்பிட்டேன்.

டிரெய்லர் ரிவர்ஸில் வரும்போது ஒரு பீப் சத்தம் அடிக்குமே, அது அடித்துக்கொண்டுதான் இருந்தது என்று டிரைவர் அழுதுகொண்டே சொன்னான். அது கெட்டுப்போய் மாசக்கணக்காகிறது என்று அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் சொன்னார்கள். நான் ஏசி ரூமின் கண்ணாடிக் கதவுக்குள் இருந்தேன். எனக்கும் எதுவும் கேட்கவில்லை. அடித்து உனக்குக் கேட்கவில்லையா, அடிக்கவே இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. போலீஸ் எழுதியது, கேஸ் நடக்கிறது, ஒருநாள் முடியும். அப்போதும் தெரியப்போவதில்லை.

ஸ்டெல்லா மூட்டை தூக்குகிறவர்கள் சொன்னதை நம்பினாள். லாரியில் பீப் இல்லை, இருந்திருந்தால் அவர் விலகியிருப்பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் தெம்பு இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

கல்லறைத் திருநாளன்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றி, காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணே, அவருக்கு என்மேல இன்னா கோவம்?"

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"கடைசியில ஒரு வருசமா நான் கூப்புட்டா திரும்பவே மாட்டாரு. சமையக்கட்டுலேர்ந்து எத்தினி வாட்டி கூப்புட்டாலும் சுவத்தையே பாத்துகினு ஒக்காந்திருப்பாரு. நானும் வீம்புக்குப் பேசறத நிறுத்திட்டேன். இன்னா கோவம்னு சொல்லாமலே பூட்டாரு."

அவள் குரல் மெலிசு. உனக்குத் தெரியும். டாக்டர் அம்மா சொன்ன கீச்சுச் சத்தங்களில் உன் மனைவியின் குரலும் சேர்த்தி என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. உனக்கு அது அப்போதே உறைத்திருக்கும். என்னிடமும் நீ அதைச் சொல்லவில்லை.

இன்னொரு வருஷம் அவளை அப்படி உட்கார வைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். துரு தட்டிய காலம், பிரேக் பேடு, கண்ணாடி அறை, எல்லாம் சொன்னேன். உனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை, அவள் கூப்பிட்டதே உனக்குக் கேட்கவில்லை என்றேன். அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு, மெழுகுவத்தியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அப்போ அன்னிக்கும் கேட்டிருக்காது," என்றாள்.

சபிப்பதற்காவது அவளுக்கு ஒரு லாரி இருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். தெரியாதும்மா, அந்த பீப் உண்மையிலேயே கெட்டிருக்கலாம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதன்பிறகு அவள் யாரிடமும் அந்த லாரியைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்குப் போனால் டீ தருகிறாள். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள். உன்னைப் பற்றிப் பேச்சு வருவதே இல்லை.

நான் செய்தது சரியா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை. வண்டியை விற்றாயிற்று. என் சரக்கை இப்போது வேறொருவர் ஏற்றிப் போகிறார். உன்னுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான். அன்று கல்லறை வாசலில் செருப்பை மாட்டும்போது ஸ்டெல்லா சொன்னது அது. என்னிடம்கூட இல்லை, தரையைப் பார்த்து உன்னிடம் சொன்னாள்.

"சொல்லியிருந்தா கிட்ட வந்து பேசியிருப்பனே."

உனக்குச் சேர வேண்டியது. சேர்க்கத்தான் வழி தெரியவில்லை.